பேர்கன் பக்கம் பார்த்த பள்ளிவாசல்

பிலேந்திரன் வழி கேட்கிற ஆள் இல்லை. கார் ஓட்டும்போதும் கேட்க மாட்டான், நடக்கும்போதும் கேட்க மாட்டான். ஒருமுறை துரொண்ட்ஹெய்மில் ஒரு கலியாணத்துக்குக் குடும்பத்தோடு புறப்பட்டான். பக்கத்தில் இருந்த மனைவி றோஸ், "அந்தப் பெற்றோல் செற்றிலை ஒருக்காக் கேப்பமே" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். இவன் தன் மூளைக்குள் இருக்கிற திசைகாட்டியை நம்பி ஓட்டினான். தாலி கட்டி, சாப்பாடும் முடிந்து, மண்டபத்தைக் கூட்டுகிற நேரத்தில் போய் இறங்கினார்கள். அப்போதும் பிழை தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. ரோட்டைத்தான் யாரோ மாற்றிப்போட்டுவிட்டார்களாம்.

இருந்த இடத்தில் இருக்கவும் அவனுக்கு வராது. பூசையில் பிரசங்கம் நீண்டால் வாங்கிலின் கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பான். மன்னார் தீவில் தச்சு வேலை பழகி, எண்பதுகளின் பின்பாதியில் ஒஸ்லோவுக்கு வந்து, இங்கேயும் ஒரு கட்டட நிறுவனத்தில் தச்சனாகவே சேர்ந்துகொண்ட கத்தோலிக்கன். தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலுக்கு ஒவ்வொரு நத்தாருக்கும் பாலன் குடில் கட்டுகிறவன் அவன்தான். மூன்று இராசாக்களும் குடிலுக்கு எந்தத் திசையால் வரவேண்டும் என்று சுவாமியாரோடு பிடித்த சண்டை இன்னும் முடியவில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு பள்ளிவாசலை ஒப்படைத்தவன் லமின் டார்போ.

லமின் காம்பியாக்காரன். காம்பியா ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஒரு ஆற்றின் இரண்டு கரைகளையும் மட்டும் நாடென்று வைத்துக்கொண்டிருக்கிற சின்னஞ்சிறு இடம். அங்கிருந்து எழுபதுகளிலேயே ஒஸ்லோவுக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். லமின் அவர்களில் பிந்தி வந்தவன். பிலேந்திரன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இருவரையும் ஒரே சாரத்தில் ஏற்றிவிட்டார்கள். பிறகு இறங்கவே இல்லை என்று சொல்லலாம். மரம் பிடிப்பவன் ஒருவன், ஆணி அறைபவன் மற்றவன். கதைப்பது நொர்ஸ்கில், அதாவது நொர்வே மொழியில். அதை இங்கே நம்முடைய தமிழில் எழுதினால் லமின் கோபித்துக்கொள்ள மாட்டான்.

மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் லமினுக்கு ஊர்க் கதை வரும். ஊர்க் கதை என்றால் பெரும்பாலும் பள்ளிவாசல் கதை. அந்த ஆற்றங்கரைக்கு முதன்முதல் இஸ்லாத்தைக் கொண்டுவந்தவர்கள் வியாபாரிகளும் ஓதுகிறவர்களும். உப்பும் துணியும் கோலாக் கொட்டையும் ஏற்றிய கழுதைகளோடு ஊர் ஊராய்ப் போனவர்கள். தொழுகை நேரம் வந்தால் நிலத்தில் கற்களை ஒரு வரிசையாக அடுக்கி, நடுவில் வில்லுப்போல வளைத்துவிட்டு, அந்த வளைவுக்குள் ஒருவர் முன்னுக்கு நிற்க மற்றவர்கள் பின்னுக்கு நின்று தொழுதார்கள். கூரையும் இல்லை, சுவரும் இல்லை. அந்தக் கல்வரிசைதான் பள்ளிவாசல். லமினின் ஊரில் முதல் பள்ளிவாசலும் அதுதானாம்.

பிறகு அரசர்கள் ஓதுகிறவர்களுக்கு நிலம் கொடுத்து ஊருக்குள் வைத்துக்கொண்டார்கள். அரசர்கள் கெட்டிக்காரர்கள். குடியையும் விடவில்லை, ஓதுகிறவர்களிடம் தாயத்து எழுதி வாங்கிக் கட்டுவதையும் விடவில்லை. இப்படி அனுசரித்துப் போனது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓதுகிறவர்களின் ஆட்களுக்கும் அரசர்களுக்கும் அடிபிடியாக மாறி அரை நூற்றாண்டு இழுபட்டது. ஊரை ஊர் எரித்தது. லமினின் ஊர்ப் பள்ளிவாசல் அப்போது மண் சுவரும் புல்லுக் கூரையும். எரித்தார்கள், கட்டினார்கள், திரும்பவும் எரித்தார்கள். கடைசியில் வெள்ளைக்காரன் வந்து இரண்டு பகுதியையும் அடக்கிக் கச்சான், அதாவது நிலக்கடலை, விதைக்கச் சொன்னான். எங்களுக்குத் தேயிலை, அவர்களுக்குக் கச்சான். ஆனால் சண்டை ஓய்ந்து பார்த்தபோது ஆற்றின் இரண்டு கரையும் முஸ்லிமாகியிருந்தது. இன்றைக்கு அந்த நாட்டில் பத்துப் பேரைப் பிடித்தால் ஒன்பது பேர் முஸ்லிம்கள். எரிந்த இடத்தில் இப்போது சீமெந்துச் சுவர், தகரக் கூரை.

"உன்ரை ஊரிலை முஸ்லிம் ஆக்கள் இருக்கினமோ?" என்று லமின் ஒருநாள் கேட்டான்.

"ஓம், கனபேர்" என்றான் பிலேந்திரன். சொன்ன கையோடு அளவு நாடாவைத் தேடி எழும்பிப் போய்விட்டான். நாடா அவன் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒஸ்லோவின் கிழக்குப் பக்கம் ஒரு பழைய அச்சகத்தின் கீழ்த்தளம் காம்பியாக்காரர்களுக்குக் கிடைத்தது. அதுவரை ஒரு நிலக்கீழ் அறையில் முட்டி மோதித் தொழுதுகொண்டிருந்தவர்கள். நோன்பின் முதல் வெள்ளிக்கிழமைக்குப் புது இடத்தில் தொழவேண்டும் என்பது ஆசை. நிலம், சுவர், மின்சாரம் எல்லாம் ஆளுக்காள் பிரித்துச் செய்யலாம். ஆனால் இமாம் நிற்கிற மாடம், அந்த வளைவு, அதற்கு நல்ல தச்சன் வேண்டும். பிலேந்திரன் தான் செய்வதாக முந்திக்கொண்டு சொன்னான். ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. நத்தார்க் குடில் வேலை வேறு கிடந்தது.

பள்ளிவாசல் குழுவில் சிதியா என்று ஒரு மனிதர் இருந்தார். மெலிந்த, நேரான, சிரிப்பை அளந்து செலவழிக்கிற ஆள். "தொழாத ஒருவன் கட்டின மாடத்துக்கு முன்னாலை நாங்கள் எப்பிடி நிக்கிறது?" என்று அவர் கேட்டார். லமின் எழும்பி நின்று, "அவன் கை வைச்சால் நான் கை வைச்ச மாதிரி. பிழை வந்தால் என்னைக் கேளுங்கோ" என்று சொன்னான். இமாம் கெபா பகலில் பஸ் ஓட்டுகிறவர். நேரத்துக்குப் புறப்பட்டுப் பழகியதால் கூட்டத்தை இழுக்க விரும்பவில்லை. சரி என்றார்.

வேலை தொடங்குகிற நேரம் பார்த்து, தாய்க்கு வருத்தம் கடுமை என்று லமினுக்கு ஊரிலிருந்து செய்தி வந்தது. அடுத்த விமானத்தில் ஏறினான். ஏறுவதற்கு முன் அந்த மண்டபத்துக்கு ஓடிப்போய், யன்னல் பக்கத்து மூலையில், நிலத்தில் பென்சிலால் ஒரு அம்புக்குறி கீறிவிட்டு, "குறி போட்டிருக்கிறன், பார்" என்று தொலைபேசியில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

பிலேந்திரன் பார்த்தான். அம்புக்குறி மூலையை நோக்கிச் சரிவாகக் கிடந்தது. மூலைக்குள் சரிவாக யாராவது மாடம் கட்டுவார்களா? இது மின்சாரக்காரனுடைய குறி என்று தீர்மானித்தான். லமினின் குறி சுவரிலிருந்து கழற்றி எறிந்த பழைய பலகையோடு போயிருக்கும். போனால் போகட்டும். மன்னாரில் பள்ளிவாசல் வேலிக்கு அடுத்த வேலியில் பிறந்து வளர்ந்தவனுக்கா இது தெரியாது? பள்ளிவாசல் என்றால் மேற்குத்தான். பொழுதுபடுகிற பக்கம் பார்த்துத் தொழுவார்கள். சின்ன வயதிலிருந்து கண்ணால் கண்டது. இதைப் போய் ஆரிடம் கேட்பது?

மேற்குச் சுவர் நீளமாக, யன்னல் இல்லாமல், சொல்லிவைத்ததுபோல இருந்தது. ஒஸ்லோவுக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் கட்டட வேலை முடிந்து ரயிலில் வந்ததும் நேராக அங்கேதான் போவான். மெல்லிய பலகைகளை ஈரமாக்கி வளைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, மேலே வெள்ளைச் சாந்து பூசி, அடுக்கடுக்காய் மடிப்பு வைத்த ஒரு வளைவை எழுப்பினான். விளிம்புக்குப் பச்சை தீட்டினான். இடப்பக்கத்தில் ஒரு மடிப்பு மற்றவற்றை விடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. வேறு வேலையென்றால் உடைத்துத் திரும்பச் செய்திருப்பான். இதை ஏனோ அப்படியே விட்டுவிட்டான். தரைவிரிப்பையும் அந்தச் சுவருக்கு நேராக வரிவரியாகப் போட்டான். நடுவில் ஒருநாள் சிதியா தலையை நீட்டியபோது, சாந்து காயவில்லை, முடிந்தபிறகு வாருங்கள் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினான். உண்மையில் அப்போது சுவரில் ஒன்றும் எழும்பியிருக்கவில்லை. மற்ற ஆட்களும் தங்கள் பங்கு வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"பாலன் குடில் கட்டுற கையாலை பள்ளிவாசலும் கட்டுறியள். இனி ஒரு பிள்ளையார் கோயில்தான் மிச்சம்" என்றாள் றோஸ். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நோன்பு தொடங்கியது. லமினும் வந்து சேர்ந்தான். கிழவி எழும்பியிருந்து கஞ்சி குடிக்கிறாளாம். உடனே மண்டபத்தைப் பார்க்கவேண்டும் என்று நின்றான். பிலேந்திரன் விடவில்லை. "வெள்ளிக்கிழமை எல்லாரோடையும் வந்து பார்" என்றான். நல்ல சாமானைத் துணி போட்டு மூடி வைத்து, கடைசியில் இழுத்துக் காட்டுகிற ஆசை.

புதன்கிழமை மதியம் லில்லெஸ்ட்ரோம் கட்டடத்தில் எல்லோரும் கொட்டிலுக்குள் சாப்பிடப் போனார்கள். நோன்பாளி லமின் வெளியே ஒரு பலகைத் தட்டில் மேலங்கியை விரித்தான். வழக்கமாக அவன் தொழப் போகிற நேரம்தான் பிலேந்திரன் சிகரெட் பற்றவைக்கப் போகிற நேரம். எத்தனையோ வருடமாக அப்படித்தான். அன்றைக்கு லைற்றர் வேலை செய்யவில்லை. நெருப்புக் கேட்கத் திரும்பியவன் லமினைக் கண்டான்.

தெற்கே பாரம்தூக்கிக்கு மேலே சூரியன் தாழ நின்றது. வெயில் லமினின் வலக் கன்னத்தில் விழுந்தது. முகம் காலையில் பொழுது எழும்பிய பக்கம் இருந்தது. மேற்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

 லமின் தொழுது முடியும்வரை பிலேந்திரன் அந்தக் குளிரில் ஒற்றைக்காலில் நின்றான்.

"நீ என்ன இந்தப் பக்கம் பார்த்துத் தொழுகிறாய்?"

"வேறை எந்தப் பக்கம்? மக்கா அந்தப் பக்கம்தானே."

"உங்கட ஊரிலை?"

"ஊரிலை சூரியன் எழும்பிற பக்கம். இஞ்சை அதுக்குக் கொஞ்சம் தெற்காலை. ஏன்?"

"சும்மா கேட்டனான்."

அன்றைக்கு அவன் வெட்டிய பலகை ஒன்றும் பொருந்தவில்லை. ரயிலில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான். மூலையில் கிடந்த அம்புக்குறி கண்ணுக்குள் நின்றது. மின்சாரக்காரன் பென்சிலால் அம்பு கீறுவானா? எந்த மடையன் அப்படி நினைப்பான்? வெள்ளிக்கிழமை அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். சிதியா ஒன்றும் பேசத் தேவையில்லை, லமினைத் திரும்பிப் பார்த்தாலே போதும். பிழை வந்தால் என்னைக் கேளுங்கோ என்று சொன்னவன் லமின். தன்னுடைய ஆட்களுக்கு முன்னால் அவன் தலையைக் குனிந்துகொண்டு நிற்கப்போகிறான், அதுவும் தாயைச் சாவிலிருந்து மீட்டுவிட்டு வந்த கையோடு.

வீட்டில் சோற்றைப் பிசைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை. யன்னலுக்குப் போனான், கதவுக்குப் போனான், திரும்ப யன்னலுக்கு வந்தான். "என்ன, காலிலை முள்ளோ?" என்று றோஸ் கேட்டாள். சொன்னான். அவள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இடிச்சுப்போட்டு மற்றப் பக்கம் கட்டலாமோ?" என்று கேட்டாள்.

"நாளையிண்டைக்கு வெள்ளிக்கிழமை. சாந்து காயாது."

"அப்ப சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது, றோஸ்?"

"வாயாலைதான். நீங்கள் வழி கேக்கமாட்டியள், அது தெரிஞ்ச விசயம். பிழை விட்டனெண்டும் சொல்லமாட்டியளோ?"

வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு கடப்பாரையோடு மண்டபத்துக்குப் போனான். சொல்லுவதற்கு முன் இடித்துவிடுவது என்பது அவன் கணக்கு. இல்லாத மாடத்துக்கு யாரும் திசை கேட்க முடியாது. வேலை முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று லமினுக்குச் சொல்லலாம். கடப்பாரையை ஓங்கினான்.

இடப்பக்கத்துப் பெரிய மடிப்பு கண்ணில் பட்டது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

அந்த மடிப்பை அவன் முந்தியும் பார்த்திருக்கிறான். மன்னாரில், வேலிக்கு இங்காலே கோப்பையோடு நின்று, பள்ளிவாசல் வாசலூடாகப் பார்த்தது. நோன்பு காலத்தில் கூட்டாளி கமால்தீனின் தாய் வேலிக்கு மேலால் கஞ்சி தருவா. கொதிக்கக் கொதிக்கத் தருவா. ஆறும்வரை பொடியன் பிலேந்திரன் அங்கேயே நிற்பான். உள்ளே ஆட்களின் முதுகு. அதற்கு அப்பால் பச்சை விளிம்பு வைத்த வளைவு. ஊர் மேசனுக்குக் கை தவறியதோ என்னவோ, இடப்பக்கத்தில் ஒரு மடிப்பு மட்டும் பெரிது. தானே யோசித்துக் கட்டியதாக இவ்வளவு நாளும் பெருமைப்பட்ட வளைவு, அதே வளைவு. பிழையைக்கூட விடாமல் கொண்டுவந்து ஒஸ்லோவில் ஒட்டியிருந்தான்.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் தாய் தொலைபேசியில் சொன்னது: "முஸ்லிம் ஆக்களை எங்கட பொடியளின்ரை இயக்கம் போகச் சொல்லிப்போட்டுது. எல்லாரும் வள்ளங்களிலை போயிட்டினம்." கமால்தீன் வீட்டாருமோ என்று இவன் கேட்டான். "எல்லாரும்" என்றா. அதற்குமேல் இவன் ஒன்றும் கேட்கவில்லை. வழி கேட்காத ஆள் இதையும் கேட்கவில்லை. ஒஸ்லோவில் தமிழருடைய எத்தனையோ கூட்டங்கள், எத்தனையோ பேச்சுகள். அங்கேயும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவனும் திறக்கவில்லை. யாராவது தொடங்கினால் "இப்ப ஏன் அந்தக் கதை" என்று வாயை அடைத்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மையில் யாரும் தொடங்கவே இல்லை.

கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு லமினுக்குத் தொலைபேசி எடுத்தான். "உடனை வா. பிழை விட்டிட்டன்" என்றான். 

லமின் தனியாக வரவில்லை. பஸ் சீருடையோடு கெபாவும், யாரைக் காணக்கூடாது என்று பிலேந்திரன் வேண்டிக்கொண்டிருந்தானோ அந்தச் சிதியாவும் கூட வந்தார்கள். வெளியே பொழுது மங்கிவிட்டது. டிசெம்பர் பிறப்பதற்கு முந்தின நாள், ஒஸ்லோவில் மூன்றரைக்கே நோன்பு திறக்கலாம். மூவரும் மாடத்தைப் பார்த்தார்கள்.  கெபா மணிக்கூட்டைப் பார்த்து, பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். பிலேந்திரனுக்கும் நீட்டினார். திட்டுவதற்கு முன் பழத்தை விழுங்கவேண்டுமே என்று சிதியா அவசரமாக மென்றார்.

"இந்தப் பக்கம் தொழுதால் மேற்குக் கரையிலை இருக்கிற பேர்கனுக்குத்தான் போய்ச்சேரும்" என்றார் சிதியா.

கெபாவுக்குச் சிரிப்பு வெடித்தது. பேர்கனில் ஒரே மழை, குடையோடுதான் தொழவேண்டும் என்றார். லமின் சிரிக்கவில்லை. மூலைக்குப் போய், தரைவிரிப்பின் நுனியைத் தூக்கிப் பார்த்தான். அவனுடைய அம்புக்குறி அழியாமல் கிடந்தது.

"இதைக் காணேல்லையோ?"

"கண்டனான். மின்சாரக்காரன் கீறினது எண்டு நினைச்சன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"எனக்குத் தெரியும் எண்டு நினைச்சன். எங்கட ஊரிலை மேற்குத்தான்."

"மாடத்தை விடு" என்றான் லமின். அவன் குரல் உயரவில்லை. "உனக்குப் பக்கத்திலை இருந்து எத்தினை வருசம் சாப்பிட்டிருக்கிறன். ஒவ்வொரு நாளும் உனக்கு முன்னாலைதான் தொழுதனான். நான் எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறனெண்டு ஒருநாளாவது நீ பாக்கேல்லையோ?"

 சிதியா ஏசியிருந்தால் பிலேந்திரன் தாங்கியிருப்பான். லமின் கேட்டதைத் தாங்க முடியவில்லை. பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. "இல்லை. பாக்கேல்லை" என்றான்.

கெபா வளைவுக்குக் கிட்டப் போய் மடிப்புகளைத் தடவினார். "வேலை நல்ல வேலை. உங்கட ஊர்ப் பள்ளிவாசலோ?"

பிலேந்திரன் தலையாட்டினான்.

லமின் கொஞ்ச நேரம் வளைவையும் மூலையையும் மாறிமாறிப் பார்த்தான். கோபம் அவனுக்கு நீளமாக நிற்காது. தரையில் குந்தி, பேரீச்சங்கொட்டை ஒன்றை நடுவில் வைத்தான். "இது மக்கா." இடப்பக்கம் ஒரு கொட்டை. "இது காம்பியா." வலப்பக்கம் ஒரு கொட்டை. "இது உன்ரை ஊர். நாங்கள் கிழக்கை பாக்கிறம். நீங்கள் மேற்கை பாக்கிறியள்." பிறகு நிமிர்ந்து, வெகு நாள் தேடிய ஒன்றைக் கண்டுபிடித்தவன்போலச் சிரித்தான். "அப்ப உன்ரை ஊர் ஆக்களும் என்ரை ஊர் ஆக்களும் இவ்வளவு காலமும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டுதான் தொழுதிருக்கினம்!"

சிதியாகூட அந்தக் கொட்டைகளைக் குனிந்து பார்த்தார்.

"என்ரை ஊர்ப் பக்கத்திலை இப்ப ஆருமில்லை" என்றான் பிலேந்திரன்.

"என்ன?"

"பத்து வருசம். எங்கட ஆக்கள் துவக்கோடை வந்து போகச் சொல்லிச்சினம். உடுத்த உடுப்போடை போயிட்டினம். நான் இஞ்சை இருந்தனான்."

"கனபேர் இருக்கினமெண்டு எனக்குச் சொன்னாய்."

"ஓம். அப்பிடித்தான் சொன்னனான்."

லமின் வலப்பக்கத்துக் கொட்டையைப் பார்த்தபடி குந்தியிருந்தான். எரித்தல், கட்டுதல், திரும்ப எரித்தல் என்று ஊர்க் கதை கேட்டுக் கேட்டே வளர்ந்தவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. "பள்ளிவாசல்?" என்று மட்டும் கேட்டான்.

"நிக்குது. அம்மா சொன்னவ. பூட்டியிருக்கு."

"அந்த ஆக்களின்ரை பேர் என்ன?"

"ஆரின்ரை?"

"உனக்குத் தெரிஞ்ச ஆக்களின்ரை."

பிலேந்திரன் சொன்னான். கமால்தீன். அவனுடைய தாய் சித்தி உம்மா. பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் நைனா முகம்மது. தச்சுப் பட்டறையில் உளி தீட்டப் பழக்கிய மீராசாகிபு. பத்து வருடமாக வாயில் எடுக்காத பெயர்கள். சொல்லச் சொல்லக் கண் கரித்தது. மறைக்க இடமில்லாமல் சாந்துத் தூசி என்று மூக்கைத் துடைத்தான்.

அதன்பிறகு வேலை நடந்தது. தரைவிரிப்பைச் சுருட்டி, அம்புக்குறிக்கு நேராகச் சரித்துப் போட்டார்கள். ஓரங்கள் பொருந்தாமல் அங்கங்கே வெட்டவேண்டி வந்தது. சிதியா முழங்காலில் நின்று நுனியைப் பிடித்துக் கொடுத்தார். மூலையில் மாடத்துக்கு என்ன செய்வது என்று கேட்டபோது, "என்ரை ஊரிலை முதல் முதல் என்ன வைச்சு மாடம் கட்டினவை?" என்றான் லமின். முற்றத்தில் ரோட்டு வேலைக்காரர் குவித்துவிட்டுப் போன சதுரக் கருங்கற்கள் கிடந்தன. உறைந்துபோயிருந்த கற்களைப் பிலேந்திரன் ஒவ்வொன்றாய்ப் பெயர்த்துக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, மூலையில் வில்லுப்போல வளைத்து அடுக்கினான். இந்தமுறை ஒவ்வொரு கல்லுக்கும் "இப்பிடியோ? சரியோ?" என்று கேட்டான். கேட்டுக் கேட்டு லமினுக்கு அலுத்துவிட்டது.

பழைய வளைவைப் பலகை அடித்து மறைக்கவேண்டும் என்றார் சிதியா. பெருநாளுக்குப் பிறகு யோசிப்போம் என்றார் கெபா.

வெள்ளிக்கிழமை நொர்வேஜிய மேலாளரிடம் பல்லுவலி என்று சொல்லிவிட்டுப் பிலேந்திரன் வந்தான். சப்பாத்துகள் குவிந்த வாசலோரம் நின்றான். நிற்கிறதென்றால் அவன் நிற்கிற மாதிரி. ஒரு காலை மாற்றி மறுகால், கதவுப் பிணைச்சலை ஒரு தட்டு, சுவரை ஒரு தட்டு. மண்டபம் நிரம்பிவிட்டது. எல்லோரும் சரிந்த வரிசைகளில், யன்னல் மூலையில் ஒரு கைப்பிடிக் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கெபா அந்த வளைவுக்குள் நின்றார். சீருடை இல்லாமல், நீண்ட வெள்ளை அங்கியில், அவரைப் பஸ்காரர் என்று சொல்ல முடியாது. பக்கச் சுவரில் பச்சை விளிம்பு வைத்த வளைவு ஆளில்லாமல் நின்றது. புதிதாக வந்த சிலர் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவர்களைக் கேள்வியோடு பார்த்தார்கள். லமின் தலையைக் குனியவில்லை.

தொழுகை முடிந்தது. ஆட்கள் எழும்பவில்லை. கை இரண்டையும் ஏந்திக்கொண்டு இருந்தார்கள். அவர்களுடைய வழக்கம் அது. வருத்தக்காரர், தூரத்தில் இருப்பவர், செத்தவர் என்று கேட்டவர்களுக்காக இமாம் பெயர் சொல்லி மன்றாடுவார். கெபா அரபியில் தொடங்கி, தங்கள் மொழிக்கு மாறி, வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். பிலேந்திரனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. சப்பாத்தைத் தேடத் தொடங்கினான்.

"கமால்தீன்" என்றார் கெபா.

பிலேந்திரன் குனிந்தபடியே நின்றுவிட்டான்.

"சித்தி உம்மா. நைனா முகம்மது. மீராசாகிபு." பெயர்கள் அந்த நாக்கில் கொஞ்சம் வளைந்து வந்தன, ஆனால் விளங்கின. பிறகு இன்னும் ஏதோ சொன்னார். அதற்குள் ‘மன்னார்’ என்று ஒரு சொல் இருந்தது. மண்டபம் முழுவதும் ஒரே குரலாய் "ஆமீன்" என்றது.

எல்லோரும் சொல்லி ஓய்ந்தபிறகு, வாசலடியில் கையில் ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற மன்னார்க் கத்தோலிக்கன், கோயிலில் சொல்லிப் பழகியபடி, பிந்தி, சத்தமாக, தனியாக "ஆமென்" என்றான். முன்வரிசையில் இருந்து சிதியா திரும்பிப் பார்த்தார்.